நியூ யாங்கி ஒர்க்‌ஷாப் ஏன் நின்றது, இனி எங்கே பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மரவேலை நிகழ்ச்சிகளில் அதிகம் பேசப்பட்டது ‘நியூ யாங்கி ஒர்க்‌ஷாப்’. கருவி நிறுவனங்களின் பண ஆதரவோடு தொலைக்காட்சியில் ஓடி நின்றுபோன அந்த நிகழ்ச்சியை இப்போது ஆன்லைனில் பார்த்து ரசிக்கிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களில் மரவேலை ஆர்வம் உள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

இது என்ன நிகழ்ச்சி? நான் பார்த்ததே இல்லை.

ஒரு பட்டறை, ஒரு தச்சர், அரை மணி நேரம், ஒரு மரச்சாமான். மேசை, நாற்காலி, அலமாரி, கட்டில், தோட்டத்து பெஞ்சு என்று ஏதோ ஒன்றை எடுத்து, பலகை அறுப்பதிலிருந்து மெருகு பூசுவது வரை செய்து காட்டுவார்கள். பெரிய சாமானாக இருந்தால் இரண்டு பகுதிகளாக வரும். பாஸ்டன் நகரத்தின் டபிள்யூஜிபிஎச் நிலையம் தயாரித்து, பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சி வலையமைப்பு மூலம் அமெரிக்கா முழுக்க ஒளிபரப்பியது. முதல் பகுதி 1989 ஜனவரியில் வந்தது.

செய்து காட்டியவர் யார்?

நார்ம் ஏப்ரம். 1949இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தவர். அப்பாவும் தச்சர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலும் வணிக நிர்வாகமும் படித்தவர், பிறகு கட்டட வேலைக்கே வந்துவிட்டார்.

அவரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தவர் ரஸ்ஸல் மோராஷ். ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை 1960களில் எடுத்தவரும் இவர்தான். அதன் பிறகு தோட்டக்கலைக்கு ஒன்று, 1979இல் பழைய வீடுகளைப் புதுப்பிப்பதற்கு ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ என்று, கைவேலையைக் கற்றுத்தரும் தொலைக்காட்சிக்கே வழி போட்டவர். தன் வீட்டு வளாகத்தில் ஒரு கட்டட வேலைக்கு நார்மை அமர்த்தியிருந்த மோராஷ், வேலை நடந்த இடத்தில் கழிவுத் துண்டுகள் மிகக் குறைவாகக் கிடப்பதைக் கவனித்தார் என்று சொல்வார்கள். யோசித்துக் கணக்குப் போட்டு அறுக்கிற ஆளுக்குத்தான் கழிவு குறையும். ஆசாரி வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ நிகழ்ச்சியில் பத்து வருடம் இருந்த பிறகு நார்முக்குச் சொந்தமாக ஒரு பட்டறை நிகழ்ச்சி கிடைத்தது.

ஒரு பகுதி எப்படி நடக்கும்?

முதலில் நார்ம் எங்காவது போவார். அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து பகுதியின் பழைய வீடு, அருங்காட்சியகம், ஷேக்கர் சமயக் குழுவினர் வாழ்ந்த கிராமம் என்று ஏதாவது ஓர் இடம். அங்கே நூறு, இருநூறு வருடம் பழைய சாமான் ஒன்றைச் சுற்றிவந்து பார்ப்பார். இழுப்பறையை வெளியே இழுத்து உள்பக்க மூட்டைக் காட்டுவார். எந்த மரம், ஏன் இந்தக் கால் இப்படிச் சரிகிறது, பின்பலகையை ஏன் ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று பேசுவார்.

அப்புறம் பட்டறைக்குத் திரும்புவார். அங்கே அவர் ஏற்கெனவே செய்து முடித்த மாதிரி ஒன்று இருக்கும். பழைய சாமானை அப்படியே நகல் எடுக்காமல் இன்றைய வீட்டுக்கும் இன்றைய இயந்திரத்துக்கும் ஏற்றபடி மாற்றியிருப்பார். அந்த மாதிரியைக் காட்டிவிட்டு, கேமரா முன்னால் இன்னொன்றைச் செய்யத் தொடங்குவார். அதாவது நாம் பார்ப்பது அவர் அதே சாமானை இரண்டாம் தடவை செய்வது. முதல் தடவை வந்த சிக்கல்களை எல்லாம் அவர் தாண்டியிருப்பார். எந்தத் துண்டை முதலில் வெட்டணும், எதை ஒட்டும்வரை அளக்கவே கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்த நிகழ்ச்சியின் பெரிய கொடை இந்த வரிசைதான் என்று நினைக்கிறேன். மூலத்தைப் பார், ஒரு மாதிரி செய், பிறகு ஒழுங்காகச் செய். ஒரு மூட்டை எப்படி வெட்டுவது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு முழு அலமாரியை எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று யோசித்துக் கட்டிமுடிப்பதைப் பொறுமையாகக் காட்டியவர்கள் குறைவு.

எப்போது நின்றது?

இனிப் புதிய பகுதிகள் வராது என்ற அறிவிப்பு 2009 அக்டோபரில் வந்தது. மொத்தம் 21 பருவங்கள் (சீசன்கள்). பல நிலையங்கள் பழைய பகுதிகளைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருந்ததால், நின்றதைப் பார்வையாளர்கள் பலர் உடனே கவனிக்கவில்லை.

இதில் கருவி நிறுவனங்களின் பங்கு என்ன?

பணம். பிபிஎஸ் வணிக அலைவரிசை கிடையாது. நடுவில் விளம்பர இடைவேளை வராது. நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் ‘இந்த நிகழ்ச்சிக்கு ஆதரவு தந்தவர்கள்’ என்று நிறுவனங்களின் பெயர் வரும். ‘வாங்குங்கள்’ என்று அதில் சொல்லக் கூடாது, விலை சொல்லக் கூடாது. நியூ யாங்கிக்கு அப்படி ஆதரவு தந்தவற்றில் முக்கியமானவை டெல்டாவும் போர்ட்டர் கேபிளும். இரண்டுமே மரவேலை இயந்திரம் செய்யும் நிறுவனங்கள்.

டெல்டாவுக்கு இது புதிதில்லை. 1919இல் ஹெர்பர்ட் டௌட்ஸ் என்பவர் மில்வாக்கியில் தொடங்கிய நிறுவனம் அது. 1930களிலேயே ‘டெல்டாகிராம்’ என்று ஒரு சிறு இதழை வெளியிட்டு, வீட்டிலேயே செய்யக்கூடிய சாமான்களின் படங்களையும் அளவுகளையும் கொடுத்துவந்தது. சாதாரண வீட்டுக்காரருக்கு இயந்திரம் விற்கணும் என்றால் அதை வைத்து என்ன செய்யலாம் என்று முதலில் சொல்லிக்கொடுக்கணும். இந்தக் கணக்கு அவர்களுக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. 1939இல் டெல்டா கொண்டுவந்த ‘யூனிசா’ டேபிள் சாவில் (மேசை நடுவே மேலெழுந்து சுற்றும் ரம்பம்), சாய்வாக அறுக்க மேசையைச் சாய்க்க வேண்டியதில்லை, ரம்பத் தகடே சாயும். அந்த யூனிசா வழிவந்த இயந்திரம்தான் பல வருடம் நார்மின் பட்டறை நடுவில் நின்றது.

ஆதரவு தரும் நிறுவனத்தின் கை எவ்வளவு நீளும் என்பதற்கு அக்கம்பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ தொகுப்பாளர் பாப் விலா, ரிக்கெல் என்ற வீட்டுச்சாமான் கடைத்தொடரின் விளம்பரங்களில் தோன்றினார். ரிக்கெலின் போட்டியாளரான ஹோம் டிப்போ அந்த நிகழ்ச்சிக்கு ஆதரவு தந்துகொண்டிருந்தது. அது ஆதரவை விலக்கிக்கொண்டது, விலாவும் நிகழ்ச்சியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. நியூ யாங்கி தொடங்கிய அதே 1989இல்தான் இது நடந்தது. கற்றுத்தரும் நிகழ்ச்சி என்றாலும் காசு எங்கிருந்து வருகிறது என்பது எப்போதும் பின்னணியில் இருக்கும்.

அப்படியானால் இது அரை மணி நேர விளம்பரம்தானே?

நேர்மையாகப் பார்த்தால் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நார்மின் பட்டறை சுமார் 26 அடிக்கு 36 அடி. அதில் டேபிள் சா, ரேடியல் ஆர்ம் சா, பேண்ட் சா, கடைசல் இயந்திரம், இழைப்பு இயந்திரம், ரூட்டர்கள் (பலகையில் பள்ளமும் விளிம்பு வடிவமும் வெட்டும் சுழல் கருவி), அகலமான சாண்டிங் இயந்திரம் என்று நிறைந்திருக்கும். இவ்வளவும் இருந்தால் நானும் செய்வேன் என்று பார்ப்பவர் நினைப்பது இயல்பு. டேபிள் சா வாங்க வைத்ததில் இந்த நிகழ்ச்சிக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் இதை விளம்பரம் என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். விளம்பரத்தில் கருவிதான் கதாநாயகன். இங்கே சாமான்தான் கதாநாயகன். ஒரு கருவியை எடுத்து ‘இதன் சிறப்புகள் பாருங்கள்’ என்று நார்ம் நின்று பேசுவதில்லை. இந்த மூட்டுக்கு இது வேண்டும், எடுத்தார், வெட்டினார், வைத்தார், அடுத்தது. பகுதி முடிந்ததும் நம் மனதில் நிற்பது ஒரு மேசையின் கால் எப்படிச் சட்டத்தில் சேர்ந்தது என்பதுதான். எந்தக் கம்பெனி ரூட்டர் என்பது நினைவில் இருப்பதில்லை. கருவி நிறுவனத்தின் காசில் நடந்தும் கவனத்தை வேலையின் மேலேயே வைத்திருந்தார்கள். அதைச் சாதித்தது பெரிய விஷயம், அதற்காக மோராஷையும் நார்மையும் மதிக்கிறேன்.

சரி, ஏன் நின்றது?

ஒரே காரணம் என்று சுருக்க முடியாது. சூழ்நிலையைப் பார்த்தால் புரியும்.

நார்முக்கு அப்போது 60 வயது. இருபத்தொரு பருவம், ஒவ்வொரு சாமானையும் இரண்டு தடவை, கூடவே ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ வேலையும் தொடர்ந்தது. மறுபக்கம், ஆதரவு தந்த நிறுவனங்களின் வீட்டிலேயே எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. டெல்டாவும் போர்ட்டர் கேபிளும் பென்டேர் குழுமத்திடம் இருந்தன. 2004இல் பென்டேரின் கருவித் தொழில் முழுவதையும் பிளாக் அண்ட் டெக்கர் சுமார் 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2008இல் அமெரிக்க வீட்டுச் சந்தை சரிந்தது. வீடு கட்டுவது நின்றால் கருவி விற்பனையும் படுக்கும், விற்பனை படுத்தால் முதலில் வெட்டப்படுவது விளம்பரச் செலவு. 2010இல் பிளாக் அண்ட் டெக்கர் ஸ்டான்லியோடு இணைந்தது. 2011இல் டெல்டா மட்டும் தைவானைச் சேர்ந்த சாங் டைப் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

இருபது வருடம் ஒரு நிகழ்ச்சியைத் தாங்கிப்பிடிக்கணும் என்றால் நிறுவனத்துக்குள் அதை விரும்புகிற ஆள் யாராவது இருந்துகொண்டே இருக்கணும். உரிமையாளர் மாறினால் அந்த ஆளும் மாறிப்போகிறார். கருவி நிறுவனங்கள் நடத்தும் செயல்விளக்க நிகழ்ச்சிகள், தொலைக்காட்சியானாலும் ஆன்லைனானாலும், பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன என்பது என் கணிப்பு. பார்வையாளர் குறைந்து நிற்பதைவிட, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி வெட்டப்பட்டு நிற்பதுதான் அதிகம்.

நார்ம் திரும்ப வருவாரா?

வாய்ப்பில்லை. ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ நிகழ்ச்சியிலிருந்தும் 2022இல் ஓய்வு பெற்றுவிட்டார். மோராஷ் 2024 ஜூனில், 88 வயதில் காலமானார்.

ஆணித் துப்பாக்கியும் பிஸ்கட்டும் வைத்து வேலையைச் சுலபமாக்கிவிடுகிறார் என்கிறார்களே, உண்மையா?

கைக்கருவி மட்டுமே வைத்து வேலை செய்பவர்கள் ரொம்ப நாளாகச் சொல்லும் குறை இது. பிஸ்கட் என்பது அழுத்தித் தட்டையாக்கிய சின்ன மரச்சில்லு. இரண்டு பலகையிலும் பிறை வடிவப் பள்ளம் வெட்டி, பசை வைத்து நடுவே செருகினால் ஈரத்தில் உப்பிப் பிடித்துக்கொள்ளும். நார்ம் இதை நிறையவே பயன்படுத்தினார். பசை காயும்வரை பிடித்திருக்கட்டும் என்று காற்றழுத்தத் துப்பாக்கியால் மெல்லிய ஆணியும் அடிப்பார். பழைய சாமானைப் பார்த்துவந்து பிறகு ஆணி அடித்தால் சிலருக்கு மனசு ஒப்பவில்லை.

குறை சொல்பவர்களின் பக்கம் நியாயம் உண்டு. ஆணித் துளையை மக்கு வைத்து அடைத்தாலும் தேர்ந்த கண்ணுக்குத் தெரியும். பிஸ்கட் பலகைகளை நேர்வரிசையில் சேர்க்க உதவும், ஆனால் நாற்காலிக் கால் போல அசைவும் பாரமும் வரும் இடத்தில் கழுந்தும் துளையும் (ஒரு துண்டின் மெலித்த நுனியை இன்னொன்றின் துளையில் செருகும் மூட்டு) தரும் பலத்தை அது தராது. அந்த இடங்களில் நார்மும் கழுந்து மூட்டுதான் போட்டார். இழுப்பறைகளுக்கு, புறா வால் போல விரியும் பற்கள் கோர்த்துக்கொள்ளும் புறாவால் மூட்டைப் பல பகுதிகளில் ரூட்டரும் அச்சும் வைத்து வெட்டிக் காட்டியிருக்கிறார். அவர் மூட்டுகளைத் தவிர்த்தார் என்பது தவறு. எங்கே கடினமான மூட்டு தேவை, எங்கே தேவையில்லை என்று பிரித்தார். சனி ஞாயிறு மட்டும் பட்டறைக்குள் போக நேரம் கிடைப்பவருக்கு அந்தப் பிரித்தறிதல்தான் வேலையை முடிக்க வைக்கும்.

கையாலேயே எல்லாம் செய்வதைப் பார்க்க விரும்பினால் அதே பிபிஎஸ்ஸில் ராய் அண்டர்ஹில் நடத்திய ‘தி உட்ரைட்ஸ் ஷாப்’ இருக்கிறது. வட கரோலினா பொதுத் தொலைக்காட்சியில் 1979இல் தொடங்கியது. மின்சாரமே இல்லாத பட்டறை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் நல்லது.

பழைய பகுதிகளை இப்போது எங்கே பார்க்கலாம்?

நிகழ்ச்சியின் அதிகாரபூர்வ யூடியூப் சேனலில் முழுப் பகுதிகள் இருக்கின்றன. யாரோ வீட்டில் பதிவுசெய்து ஏற்றிய மங்கலான பிரதிகளும் சுற்றுகின்றன, அவற்றைத் தேடிப் போக வேண்டாம். உரிமையாளர் ஏற்றியதைப் பார்த்தால் படமும் தெளிவு, அது நிலைத்து இருக்கவும் நம்மால் ஆன உதவி.

அவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யலாமா?

வடிவத்துக்கும் வேலை வரிசைக்கும், தாராளமாக. டேபிள் சா பாதுகாப்புக்கு, கூடாது. இதை மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள்.

ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் நார்ம் பாதுகாப்பு பற்றிச் சொல்வார். கருவியோடு வரும் விதிகளைப் படித்து நடந்துகொள்ளுங்கள், எல்லாவற்றையும்விட முக்கியமானது இது என்று சொல்லித் தன் பாதுகாப்புக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டுவார். அதைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே அமெரிக்காவில் இருக்கிறது. ஆனால் வெட்டுவது கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பல காட்சிகளில் தகட்டின் மேல் மூடியைக் கழற்றியிருப்பார்கள். படம் எடுப்பவர்களுக்கு அது தேவை. உங்கள் வீட்டில் கேமரா இல்லை, மூடியைக் கழற்றக் காரணமும் இல்லை.

இன்னொன்று, அந்த இயந்திரங்கள் பெரும்பாலும் பழைய வடிவமைப்பு. தகட்டுக்குப் பின்னால், அதோடு சேர்ந்தே ஏறி இறங்கும் ‘ரைவிங் நைஃப்’ என்ற தகடு அவற்றில் கிடையாது. அறுபட்ட மரம் மூடிக்கொண்டு தகட்டைக் கவ்வினால் பலகை அப்படியே உங்கள் வயிற்றை நோக்கிப் பறக்கும். மரம் இழுத்துக்கொண்ட கையும் தகட்டின் மேல் போகும். அதைத் தடுப்பது அந்தச் சின்னத் தகடு. டெல்டாவே 2009இல் புதிதாக வடிவமைத்த யூனிசாவில்தான் ரைவிங் நைஃபைச் சேர்த்தது. நிகழ்ச்சி முடிந்த அதே வருடம்.

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் டேபிள் சா காயங்களோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள் என்பது அங்குள்ள நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு. தோல் பட்டதும் சில மில்லி விநாடிகளில் தகட்டை நிறுத்தும் ‘சாஸ்டாப்’ இயந்திரம் 2004இல் விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் பெரும்பாலோர் வைத்திருப்பது அப்படிப்பட்டதல்ல. கையால் அறுக்கும் மின் ரம்பத்தை மேசைக்கு அடியில் தலைகீழாகத் திருகி ‘டேபிள் சா’ என்று வைத்திருப்பதையும் பார்க்கிறேன். அதில் மூடியும் கிடையாது, ரைவிங் நைஃபும் கிடையாது, அவசரத்துக்கு அணைக்கும் சுவிட்சும் காலுக்கு எட்டாது. அந்த மேசையில் நார்ம் செய்வதைச் செய்து பார்க்காதீர்கள். கைரம்பமும் இழைப்புளியும் போதும், நேரம் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

அளவு வரைபடங்கள் கிடைக்குமா? நம் ஊரில் பயன்படுமா?

ஒவ்வொரு சாமானுக்கும் அளவு வரைபடத்தை நிகழ்ச்சிக்காரர்கள் தனியாக விற்றுவந்தார்கள். நிகழ்ச்சியை நடத்தியதில் அந்த வருமானத்துக்கும் பங்குண்டு. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பகுதியைப் பார்த்தால், படத்தில் வேகமாகக் கடந்துபோகிற இடங்களும் புரியும்.

அளவுகள் அடியிலும் அங்குலத்திலும் இருக்கும். அதனால் தமிழ்நாட்டு ஆசாரிமார்களுக்குச் சிரமம் இல்லை. கால் அங்குலம் இரண்டு நூல், முக்கால் அங்குலம் ஆறு நூல். நேராக அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சிக்கல் வருவது மூன்று இடங்களில்.

முதலாவது பிளைவுட். வரைபடம் முக்கால் அங்குலம் என்று சொன்னால் கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர். நம் கடையில் பரவலாகக் கிடைப்பது 18. முக்கால் அங்குல ரூட்டர் பிட் (வெட்டும் அலகு) வைத்துப் பள்ளம் எடுத்தால் பலகை அதில் ஆடும். வரைபடத்தை நம்பாமல் கையிலிருக்கும் பலகையின் கனத்தை அளந்து பள்ளத்தை வெட்டுங்கள். உள்பக்க அளவுகளும் அதற்கேற்ப நகரும், அதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மரம். அவர்கள் மேப்பிள், செர்ரி, ஓக், பைன் என்று செய்கிறார்கள். தேக்கிலோ வேங்கையிலோ செய்ய எந்தத் தடையும் இல்லை. கடினமான வேங்கையில் கழுந்தை இறுக்கமாக வைத்தால் அடிக்கும்போது துளை விளிம்பு பிளக்கலாம், கொஞ்சம் இளக்கம் கொடுங்கள். மாசசூசெட்ஸில் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் காற்று உலர்ந்து மரம் சுருங்கும், கோடையில் விரியும். நமக்கு ஐப்பசி மழையில் கதவு இறுகிக்கொள்வதும் சித்திரையில் இளகுவதும் அதே கதைதான். ஆகவே சட்டத்துக்குள் வரும் பலகையைப் பசை போடாமல் பள்ளத்தில் மிதக்க விடு என்று அவர் சொல்லும்போதெல்லாம் அதை அப்படியே பின்பற்றுங்கள். இங்கேயும் அது பொருந்தும்.

மூன்றாவது கருவி. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் அமெரிக்க ரூட்டரைக் கொண்டுவரச் சொல்கிறவர்கள் உண்டு. அது 120 வோல்ட் கருவி. நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் எரிந்துபோகும். மின்மாற்றி வைத்து வோல்டேஜைக் குறைத்தாலும் 50 ஹெர்ட்ஸ் 50ஆகவேதான் இருக்கும். பெரிய இயந்திரங்களில் வரும், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த இண்டக்‌ஷன் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடும் ஆகும். இங்கே வாங்குவதுதான் நல்லது, பழுதுபார்க்கவும் ஆள் கிடைப்பார்.

இது நின்ற இடத்துக்கு வேறு என்ன வந்தது?

பிபிஎஸ்ஸில் 2010இல் டாமி மெக்டொனால்டின் ‘ரஃப் கட்’ தொடங்கியது. உட்கிராஃப்ட் என்ற கருவிக் கடைத்தொடர் அதற்கு ஆதரவு தந்தது. ஸ்காட் பிலிப்ஸின் ‘அமெரிக்கன் உட்ஷாப்’ அதற்கு முன்பே, 1993 முதல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கற்பவர்கள் பலரும் அதற்குள் இணையத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். மார்க் ஸ்பக்னோலோ 2006இலேயே ‘உட் விஸ்பரர்’ என்று வீடியோக்கள் போடத் தொடங்கியிருந்தார். கைக்கருவி வேலைக்கு பிரிட்டனின் பால் செல்லர்ஸ். மேசை பெஞ்சு செய்வதை அவர் பல மணி நேரம், ஒரு அவசரமும் இல்லாமல் காட்டுவார். இழைப்புளி தீட்டுவதை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்று கருவி நிறுவனங்களே ஆன்லைனில் செயல்விளக்கம் நடத்துகின்றனவே, அவை போதாதா?

சில நன்றாகவே இருக்கின்றன. நேரலையில் கேள்வி கேட்கலாம், அது தொலைக்காட்சியில் கிடைக்காத வசதி. புதிதாக வாங்கிய இயந்திரத்தை எப்படிச் சீர்செய்வது, தகட்டை மேசைக்கு நேர்கோணத்தில் எப்படி நிறுத்துவது, பலகையை ஒட்டி நகர்த்த உதவும் ‘வேலி’ நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது போன்றவற்றை அந்த நிறுவனத்தின் ஆளைவிட யாரும் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு பகுதி முழுக்க ஒரே கருவியைச் சுற்றி வந்தால், அதைப் பார்த்து ஒரு மேசை செய்யக் கற்க முடியாது. பார்க்கும்போது நான் ஒன்றைக் கவனிப்பேன்: அந்தக் கருவி இல்லாதவர் இதே வேலையை எப்படிச் செய்யலாம் என்று ஒரு வார்த்தையாவது சொல்கிறார்களா? சொன்னால் அவர்கள் மரவேலை கற்றுத்தருகிறார்கள்.

அப்புறம், இந்த நிகழ்ச்சிகள் எந்த நாளும் நிற்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கைமாறியதும் இணையதளத்தைப் புதுப்பித்து, பழைய வீடியோக்களையும் வரைபடக் கோப்புகளையும் அப்படியே நீக்கிவிடுவது நடக்கிறது. இலவசமாக இறக்கிக்கொள்ள அனுமதித்த வரைபடத்தை உடனே இறக்கி, அச்சிட்டு, பட்டறையில் ஒரு கோப்பில் வையுங்கள். வீடியோவைப் பார்க்கும்போதே வேலை வரிசையைக் கையால் எழுதுங்கள்: முதலில் கால்கள், பிறகு குறுக்குச் சட்டம், பசையில்லாமல் ஒரு தடவை கூட்டிப் பார்த்தல், பிறகு மேல்பலகை என்று. நிகழ்ச்சி போனாலும் அந்தத் தாள் இருக்கும்.

நியூ யாங்கியில் எந்தப் பகுதியிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

முதல் பருவத்தின் வேலை பெஞ்சு. பெஞ்சு இல்லாமல் அடுத்த எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது, அதனால் அதையே முதல் வேலையாகச் செய்தும் விடலாம். அடுத்து அடிரோண்டாக் நாற்காலி, பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்காரும் தோட்டத்து நாற்காலி. இதில் நேர்கோண மூட்டு குறைவு, வளைவு அதிகம். அட்டையில் வடிவம் வெட்டி வைத்துக்கொண்டால் நாலு நாற்காலி ஒரே மாதிரி வரும், ஜிக்சாவும் துளைக்கும் கருவியும் இருந்தால் போதும். நம் வெயிலுக்கும் மழைக்கும் தேக்கில் செய்து, திருகுக்குத் துருப்பிடிக்காத எஃகையே போடுங்கள். ஷேக்கர் சாமான்கள் வரும் பகுதிகளை அதற்குப் பிறகு பாருங்கள். அலங்காரம் எதுவும் இல்லாத அந்த மேசைகளில் கால் எவ்வளவு மெலிகிறது, எங்கிருந்து மெலியத் தொடங்குகிறது என்பதைப் படத்தை நிறுத்திக் கவனியுங்கள். சட்டம் வந்து சேரும் இடம்வரை கால் நேராக இருக்கும், அதற்குக் கீழேதான் மெலியும், அதுவும் பெரும்பாலும் உள்பக்கம் மட்டும்.